டாம்செல் மீன்களைக் காவு கொடுக்க வேண்டாம்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்குக் கண்ணாடி, உப்பு, மணல், பம்ப் ஆகியவற்றோடு ஓர் அறிவுரையும் சேர்ந்தே கிடைக்கிறது. "தண்ணி கலந்து ரெண்டு நாள் ஓட விடுங்க சார். அப்புறம் நாலு டாம்செல் போடுங்க. கெட்டியான மீன், ஒண்ணும் ஆகாது. ஒரு மாசத்துல நல்ல பாக்டீரியா தானா வந்துடும். அதுக்கப்புறம் க்ளவுன், டேங், எது வேணும்னாலும் விடலாம்." சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருவுக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல இது. மீன் வளர்ப்பு நூல்களே பல காலம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. வழிவழியாக வந்ததாலேயே உறுதியான பாடம்போலத் தெரிகிறது. ஆனால் மீன் எதற்கு, ஒரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, 'தானா வந்துடும்' என்றால் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் இதில் ஒன்றுகூட நிற்பதில்லை.

தொட்டியில் நடப்பது இதுதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும், தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளவும் முடியும். இந்த இரண்டு படிகளும் தொட்டிக்குள் நிலைபெறுவதைத்தான் சைக்கிளிங் என்கிறோம்.

இந்த வேலையைத் தொடங்க மீன் வேண்டும் என்பதே முதல் பிழை. நுண்ணுயிருக்கு வேண்டியது அம்மோனியா. அது செவுளிலிருந்து வந்தாலும் புட்டியிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான். கடைச் சரக்கில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரத்தில் வாங்குவது நல்லது. ரசாயனக் கடைகளில் கிடைக்கும். 100 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 0.6 கிராம் போட்டால் அம்மோனியா ஏறக்குறைய 2 பி.பி.எம். அளவுக்கு வரும். அவ்வளவு சிறிய எடையை நிறுக்க வீட்டில் தராசு இருக்காது. 6 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 100 லிட்டர் தொட்டிக்கு அதிலிருந்து 100 மில்லி ஊற்றினால் கணக்கு சரியாகிவிடும். கூடவே ஒரு சிட்டிகை மீன் தீனி போடலாம். ஆர்.ஓ. தண்ணீரும் காய்ந்த பாறையும் மட்டும் உள்ள தொட்டியில் நுண்ணுயிர்களுக்குப் பாஸ்பேட் போதாமல் போவதுண்டு. தீனி அதைக் கொடுத்துவிடும். 'நிறையப் போட்டால் சீக்கிரம் வளரும்' என்று 5 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. அம்மோனியா மிகுந்தால் நைட்ரைட்டை மாற்றும் இரண்டாம் படி நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். இறால் ஒன்றைத் துணியில் முடிந்து போட்டு அழுகவிடும் பழைய முறையும் உண்டு. அதிலும் உயிருள்ள மீன் வதைபடுவதில்லை. ஆனால் எவ்வளவு அம்மோனியா வரும் என்பது நம் கையில் இல்லை, நாற்றமும் வீட்டில் நிற்கும்.

'டாம்செல் கெட்டியான மீன்' என்பது அடுத்த வாதம். டாம்செல் பிழைத்துக்கொள்கிறது என்பது உண்மை. பிழைப்பதும் பாதிப்பில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. அம்மோனியா செவுளின் மெல்லிய படலத்தை அரிக்கிறது. மீன் மேற்பரப்புக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்குவதும், தீனியைத் தொடாமல் மூலையில் ஒதுங்குவதும் அதனால்தான். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இந்த ஆபத்தைக் குறைவாக எடைபோடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம், மற்றது கொல்லும் தன்மையுள்ள தனி அம்மோனியா. எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் அரை சதவீதம். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது ஏறக்குறைய 7 சதவீதம். டெஸ்ட் கிட்டில் அதே நிறம் காட்டினாலும் கடல்நீர் மீன் படும் பாடு பத்து மடங்குக்கு மேல். தங்கமீன் தொட்டியில் 'ஒண்ணும் ஆகல' என்று கண்ட அனுபவம் இங்கே செல்லாது.

அந்த டாம்செல்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளவுன் மீன்களோடு சில டாம்செல் இனங்களையும் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. ஆனாலும் விற்பனைக்கு வருபவற்றில் கடலிலிருந்து வருபவையே அதிகம். விலை குறைவு என்பதைத் தவிர, இந்த மீனை நஞ்சில் விட்டுப் பார்ப்பதற்கு வேறு நியாயம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. விலை குறைவு என்பது நியாயமே அல்ல.

மீன் நலனை ஒதுக்கிவிட்டு வெறும் லாப நட்டக் கணக்காகப் பார்த்தாலும் இந்த முறை தோற்கிறது. நான்கு சிறிய டாம்செல்கள் தரும் அம்மோனியா சொற்பம். வளரும் நுண்ணுயிர்க் கூட்டமும் அந்தச் சொற்பத்துக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். மாதம் முடிந்தது என்று இரண்டு க்ளவுனும் ஒரு டேங்கும் விட்டவுடன் அம்மோனியா மறுபடி ஏறுகிறது. 'டேங்க் சைக்கிள் ஆகியும் மீன் செத்துப்போச்சு' என்று வருந்துகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். டாம்செல் தன் இடத்தை விட்டுக்கொடுக்காத மீன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வந்து பாறையிடுக்குகளைப் பிடித்துக்கொண்ட டாம்செல், பின்னால் வரும் மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். அதைப் பிடித்து வெளியே எடுக்கப் பாறை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடையிலிருந்து வரும் டாம்செல் தன்னோடு கடல்நீர் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியையோ வெல்வெட் நோயையோ கொண்டுவரக்கூடும். கெட்டியான மீன் என்பதாலேயே அதன் உடலில் நோய் வெளியே தெரியாமல் இருக்கும். தொட்டி தயாராகும் முன்பே அதில் ஒட்டுண்ணி குடியேறிவிடும். பிறகு விலை கொடுத்து வாங்கிவரும் மீன்கள் அதற்கு இரையாகும்.

'ஒரு மாசம்' என்ற கணக்குக்கு வருகிறேன். இதற்குப் பதில் 1877-லேயே கிடைத்துவிட்டது. பிரான்சில் ஷ்லோஸிங், மூன்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் 20 நாட்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. அதன் பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. குளோரோஃபார்மை நீக்கிய பிறகும் அது மீளவில்லை. கொஞ்சம் மண் கலந்த நீரைச் சேர்த்ததும்தான் மறுபடி தொடங்கியது. இது வேதிவினை அல்ல, உயிர்களின் வேலை என்று அன்றே தெரிந்துபோனது. 1890-இல் ஸெர்கெய் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்து, இரண்டு படிகளையும் செய்பவை வெவ்வேறு வகைகள் என்று காட்டினார்.

அந்தக் குழாய்தான் நம் தொட்டிக்கு முன்னோடி. காலம் என்பது காலண்டரில் இல்லை, எவ்வளவு விதை நுண்ணுயிர் உள்ளே போனது என்பதில் இருக்கிறது. குடலில் வாழும் பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அம்மோனியாவை உண்பவை இரட்டிக்கப் பல மணி நேரம், பல சமயம் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். நைட்ரைட்டை உண்பவை அதைவிடவும் மந்தம். எனவே நன்றாக ஓடும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து பீங்கான் வளையங்களோ மணலோ கொண்டுவந்து போட்டவருக்குச் சில நாட்களில் வேலை முடியலாம். காய்ந்த பாறையும் புது மணலும் போட்டு விதையே இல்லாமல் காத்திருப்பவருக்கு ஆறு வாரம் தாண்டியும் முடியாமல் இருக்கலாம். இருவருக்கும் 'ஒரு மாசம்' என்று சொன்னால் ஒருவர் வீணாகக் காத்திருக்கிறார், மற்றவர் மீனைக் கொல்கிறார்.

தயாரானதை அறிய ஒரே வழி சோதனை. அம்மோனியாவை 2 பி.பி.எம்.முக்கு ஏற்றிவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா சுழியத்துக்கு வந்து, நைட்ரைட்டும் சுழியமாக இருந்து, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். அடுத்த நாளும் அதே அளவு ஊற்றி அதே விடை வந்தால் சந்தேகமே வேண்டாம். நிற அட்டையை மஞ்சள் விளக்கின் கீழே வைத்துப் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொன்று: பெரும்பாலான நைட்ரேட் கிட்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கின்றன. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் மிகுந்திருந்தால் நைட்ரேட் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். 'நைட்ரேட் வந்தாச்சு, முடிஞ்சுது' என்று நடுவிலேயே மீன் விடுவதற்கு இது ஒரு காரணமாகிறது.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது என்பதும், மணலில் பழுப்புப் படிந்துவிட்டது என்பதும் சோதனை ஆகா. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. பழுப்பு டயாட்டம் என்னும் பாசி, தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைப் பிடித்து வளர்வது.

'தானா வந்துடும்' என்பதில்தான் குழப்பம் அதிகம். அதைச் சரிசெய்யச் சொல்லப்படும் குறுக்கு வழிகளும் பல.

பழைய தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்று என்பது ஒன்று. இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. பாறை, மணல், ஸ்பான்ஜ், பீங்கான் வளையம் என்று கிடைத்த பரப்பில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. மோரை விட்டுவிட்டு மோர் இருந்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைப் பாலில் ஊற்றினால் தயிர் எப்படி உறையும்? தண்ணீர் வேண்டாம், அந்தத் தொட்டியின் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கி வாருங்கள். ஈரம் காயாமல், அந்தத் தொட்டி நீரிலேயே நனைத்துக் கொண்டுவர வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் கடல்நீரையே மொண்டு வருகிறார்கள். அதிலும் இதே கதைதான். கரையோரத்து நீரில் இந்த உயிர்கள் கொஞ்சம் இருக்கும். ஒரு தொட்டியைத் தாங்கும் கூட்டம் அதில் இருக்காது.

நன்னீர்த் தொட்டியின் ஃபில்டரை அப்படியே மாற்றிவைப்பதும் உதவாது. நன்னீரில் பழகிய நுண்ணுயிர்களை 35 பி.பி.டி. உப்பில் போட்டால் அவற்றின் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். டிமோத்தி ஹோவனெக்கும் எட்வர்ட் டிலாங்கும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் நன்னீர்த் தொட்டிகளிலும் கடல்நீர்த் தொட்டிகளிலும் வாழும் கூட்டங்கள் ஒன்றல்ல என்று காட்டினார்கள். பாடநூல்கள் நூறாண்டாகச் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வதில்லை, நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகைதான் செய்கிறது என்பதை 1998-இல் ஹோவனெக் குழுவினர் கண்டார்கள். அதைவிடப் பெரிய செய்தி 2005-இல் வந்தது. அமெரிக்காவில் சியாட்டில் அக்வாரியத்தின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் சரளைக்கல்லிலிருந்து மார்ட்டின் கொன்னெக்கெ, டேவிட் ஸ்டால் முதலானோர் அம்மோனியாவை உண்டு வாழும் ஓர் உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக்குலத்தைச் சேர்ந்தது. நைட்ரோஸோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிடப்பட்டது. மிகக் குறைந்த அம்மோனியாவிலும் அது வாழும். உலகப் பெருங்கடல்களில் நைட்ரஜன் சுற்றுக்குப் பெரும்பங்கு தரும் அம்மோனியா உண்ணும் ஆர்க்கியாக்களின் முதல் தூய வளர்ப்பு ஒரு மீன்தொட்டியிலிருந்து கிடைத்தது. நம் தொட்டிகளை நாம் எவ்வளவு மதிப்போடு பார்க்க வேண்டும் என்று எனக்கு உணர்த்திய ஆய்வு இது.

அடுத்தது புட்டி. 'ஊத்துங்க, இன்னிக்கே மீன் விடுங்க' என்று விற்கப்படும் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். உயிருள்ள நைட்ரஜன் நுண்ணுயிர்களைத் திரவத்தில் வைத்து விற்கும் தயாரிப்புகள் இருக்கின்றன, அவை காலத்தைக் கணிசமாகக் குறைக்கவும் செய்கின்றன. ஆனால் இந்த நுண்ணுயிர்கள் வித்து உருவாக்கி உறங்கக்கூடியவை அல்ல. சித்திரை வெயிலில் லாரியிலும் கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் வெந்த புட்டியில் எவ்வளவு உயிரோடு இருக்கும்? காய்ந்த பொடியாகவும், ஆண்டுக்கணக்கில் கெடாது என்றும் விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ் வித்துகள். அவை கழிவைச் சிதைக்கும். சிதைக்கும்போது அம்மோனியாவை வெளியிடுமே தவிர அதை நைட்ரேட்டாக்கும் வேலையைச் செய்யா. எந்தப் புட்டியானாலும் சோதனை ஒன்றுதான்: ஊற்றுங்கள், அம்மோனியம் குளோரைடு போடுங்கள், நாளை அளந்து பாருங்கள். அளவு இறங்காத புட்டியை நம்பி மீன் விடாதீர்கள்.

லைவ் ராக் போட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல். வழி சரியானதுதான். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்திலேயே உயிருள்ள கடற்பாறைகளைப் போட்டுத் தொட்டி நடத்தி, அதை எழுதியும் காட்டினார். ஆனால் இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குத் தரப்படும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் பெயர்த்து எடுத்த பவளப்பாறையை 'லைவ் ராக்' என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அது குற்றம் மட்டுமல்ல. சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டிச் சிதைந்த பாறைத் திட்டுகளுக்குச் செய்யும் இன்னொரு கொடுமை. பீங்கான் பாறையும் காய்ந்த பாறையும் போதும். விதைதான் வேண்டும்.

'சைக்கிள் முடியற வரைக்கும் தண்ணி மாத்தாதீங்க, பாக்டீரியா போயிடும்' என்ற எச்சரிக்கையும் மேலே சொன்ன அதே பிழையின் பிள்ளை. அவை பரப்பில் ஒட்டியிருக்கின்றன, தண்ணீரோடு போகா. யாராவது ஏற்கெனவே மீன் விட்டுவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தால், அவர் உடனே செய்ய வேண்டியதே உப்பளவும் வெப்பமும் பொருந்திய புது நீரால் பாதித் தண்ணீரை மாற்றுவதுதான். நைட்ரைட்டைக் கண்டு அவர் அதே அளவு பதற வேண்டாம். நன்னீரில் நைட்ரைட் செவுள் வழியே புகுந்து ரத்தத்தைப் பழுப்பாக்கும். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. அங்கே முதல் எதிரி அம்மோனியா.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராம் அளவுக்கு ஆக்சிஜன் செலவாகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். மே மாதத்தில் மின்சாரம் சில மணி நேரம் போனால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நீர் தேங்கி, வாரக்கணக்கில் வளர்த்த கூட்டம் மூச்சுத்திணறுகிறது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தொட்டியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள். சைக்கிளிங் காலத்தில் விளக்கு தேவையில்லை. இந்த உயிர்களுக்கு இருட்டே நல்லது, பாசியும் தலையெடுக்காது.

கடைக்காரர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும் கடல்நீர்த் தொட்டிகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றின் சம்ப்பில் சில வலைப்பைகளில் பீங்கான் வளையங்களைப் போட்டு வையுங்கள். புதிதாகத் தொட்டி வாங்குகிறவருக்கு ஒரு பையை விலைக்கே கொடுங்கள். கூடவே அளந்த அம்மோனியம் குளோரைடு ஒரு பொட்டலமும், டெஸ்ட் கிட்டும். டாம்செல் விற்கும் லாபம் இதிலும் நிற்கும். வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மீன் இருந்த நீரிலிருந்து வரும் பையில் வெண்புள்ளி ஒட்டுண்ணியின் உறைகளும் ஒட்டியிருக்கலாம். அந்த உறைகள் பெரும்பாலும் சில வாரங்களில் வெடித்து, மீன் கிடைக்காமல் அழிந்துபோகும். சில இரண்டு மாதத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே தொட்டி ஒரு வாரத்திலேயே சோதனையில் தேறிவிட்டாலும், மீனில்லாத கடல்நீரிலிருந்து விதை எடுத்தவரைத் தவிர மற்றவர்கள் பத்து, பதினோரு வாரம்வரை தொட்டியை மீனில்லாமல் ஓட விட்டு, வாரம் இருமுறை கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு கொடுத்து நுண்ணுயிர்களைப் பசியில்லாமல் வைத்திருக்க வேண்டும். பிறகு பெருமளவு தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு, முதல் மீனாக ஒரு சோடி க்ளவுனை விடலாம். பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.